ட்யூப் இல்லாத சக்கரம்

கீழ்வீட்டுத் தையல்காரருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதிக்கிற மனுஷர். இத்தனை வருஷம் மிதித்த மிதிக்கு அது சைக்கிளாக இருந்திருந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பார் என்று சொல்லாத ஆள் தெருவில் கிடையாது. "மிதிக்கத் தெரியுது, நகரத்தான் தெரியலை" என்று அவர் மனைவியே சொல்வாள். அவரும் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கூடச் சேர்ந்து சிரிப்பார். குழந்தை பிறந்த பிறகு அந்தக் கேலியை எல்லோரும் நிறுத்திக்கொண்டோம்.

பெண் குழந்தை. நாள் நிறைவதற்கு வெகு முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய்க்கு ஆபரேஷன் செய்து தையல் போட்ட இடம் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல் விட்டுப் புண் ஆறுகிறவரை குழந்தைகள் வார்டுப் பக்கமே வரக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவள் பால் மட்டும் வந்தாக வேண்டும். இந்தக் குடல் வேறு எதையும் தாங்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சாதாரண நாளாக இருந்தால் என் பஸ்ஸிலேயே பால் போய்விடும். நான் அந்தத் தடத்தில்தான் கண்டக்டர். ஆனால் பாலத்துத் தூண் ஒன்றில் விரிசல் கண்டு வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். என் பஸ் ஆற்றுக்கு இந்தக் கரையிலேயே திரும்பிவிடும். பாதி நாள் வேலை, பாதி நாள் மாடியில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று ஆகிவிட்டது என் பிழைப்பு. அடுத்த பாலம் வழியாகச் சுற்றிப் போனால் பால் கெட்டே போய்விடும். ஆள் நடக்கவும் சைக்கிள் தள்ளவும் மட்டும் பழைய பாலத்தின் ஓரத்தில் பலகை போட்டு வழி விட்டிருந்தார்கள். அந்தப் பலகைக்குப் போக ஆற்றங்கரை மண்பாதைதான் கதி. கரை நெடுக முள்புதர். யாரோ மகாராசன் அதை வெட்டிச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வெட்டிய முள்ளை எல்லாம் பாதையிலேயே பரப்பிவிட்டுப் போயிருந்தான்.

பாலைக் கொண்டுபோனது அக்கா. குழந்தையைப் பெற்றவளுக்கு உடன்பிறந்த அக்கா. வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவள். வயதில் எனக்குச் சின்னவள்தான், ஆனால் தெருவே அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் எதற்கு மாற்றிக் கூப்பிட வேண்டும்? அவள் வீட்டுக்காரர் லாரியோடு போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஒரு தலையணையும் சைக்கிளுமாக இங்கே வந்து சேர்ந்துவிட்டாள்.

விடியும்போது பேப்பர்க் கட்டை முன்னால் வைத்துக் கிளம்புவாள். ஓட்டிக்கொண்டே பேப்பரை மூன்றாக மடித்து, நாய் இருக்கிற வீடு, நாய் இல்லாத வீடு என்று பார்த்து வீசுகிற லாவகம் அவளுக்குத்தான் வரும். திரும்பி வந்து ஒரு டீயும் வேகவைத்த முட்டையுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிப் பாலோடு கிளம்புவாள். மத்தியானம் மறுபடி ஒரு நடை.

பால் இருந்தது என் ஃப்ரிட்ஜில். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் எப்போதோ உயிரை விட்டு, இப்போது அதற்குள் லைனிங் துணி அடுக்கியிருக்கிறார் தையல்காரர். தனிக்கட்டையான என் ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டிலையும் முட்டையையும் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. இப்போது அதில் மாத்திரைக் குப்பி அளவில் சின்னச் சின்ன பாட்டில்கள், அடியில் விரல் கனத்துக்கு மஞ்சளும் வெள்ளையுமாகப் பால். அந்தக் கொஞ்சப் பாலுக்கு அந்தப் பெண் கீழே பால் எடுக்கிற பம்ப்பை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். கரண்ட் போனால் என் உயிரும் கூடப் போகும். தண்ணீர் குடிக்கக்கூட அந்தக் கதவைத் திறக்கமாட்டேன்.

தையல்காரருக்கு இதில் ஒரே ஒரு வேலை இருந்தது. முள் எடுப்பது. அக்கா வந்ததும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, விரல் நுனியால் டயரைத் தடவிக்கொண்டே போவார். முள் தட்டுப்பட்டால் ஊசி முனையால் கிளறி, இடுக்கியால் பிடுங்கி, பட்டன் போட்டு வைக்கிற தகர மூடியில் போடுவார். கஸ்டமர் வந்து நின்றால்கூட நிமிரமாட்டார். ஒரு சட்டைக் காலருக்கு அவ்வளவு கவனம் காட்டியிருந்தால் ஊரே அவரிடம் வந்து நின்றிருக்கும்.

"பாதை எப்படி இருந்துச்சு அண்ணி?" என்று அக்காவிடம் கேட்பார். "கூட்டமா? வெயிலா? முள்ளை யாரும் அள்ளலையா?" எல்லாம் கேட்பார். குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கமாட்டார்.

பிறந்த அன்று வார்டுக் கதவுவரை போனாராம். கதவில் ஒரு வட்டக் கண்ணாடி. அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டு, உள்ளே பார்க்காமலேயே திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆற்றைத் தாண்டவே இல்லை. மனைவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தலைக்கு மேல் கிடக்கிறது என்பார். விவரம் தெரியாதவர்கள், "டெய்லர் வீட்டுப் பொண்ணு, கொடுத்து வச்சவ. சட்டையெல்லாம் தைச்சாச்சா?" என்று கேட்பார்கள். "அளவு தெரியாம எப்படிங்க தைக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆளைப் பார்த்தே அளவு சொல்கிற மனுஷர். அவருக்குப் பயம். தைத்து வைத்துவிட்டு, போட்டுக்கொள்ள ஆள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அது எனக்கும் புரிந்தது, அவர் மனைவிக்கும் புரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

அவர் எவ்வளவு முள் எடுத்தும் பங்க்சர் ஆகாமல் இல்லை. முதல் இரண்டு தடவை பாலம் பக்கத்தில் வந்து ஆனதால் தப்பித்தோம். ஒரு நாள் உச்சி வெயிலில் கரையின் நடுவில் ட்யூப் போய்விட்டது. அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஐஸ் உருகி, பெட்டிக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. நர்ஸ் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைக் கொடுக்க முடியாதும்மா" என்று கொட்டிவிட்டாள். அந்த ஒரு வேளைக்கு வேறு வழியில்லாமல் பவுடர் பால் கொடுத்ததில் குழந்தைக்கு வயிறு கல்லு மாதிரி உப்பிவிட்டது. அதன் பிறகு பல நாள் பாலே கிடையாது, நரம்பில் ஊசி வழியாகத்தான் எல்லாம்.

அன்று அக்கா வந்து வாசல்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. உள்ளேயிருந்து தங்கை, "கொடுத்தாங்களாக்கா? எவ்வளவு குடிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தையல்காரர் தலைகீழாக நின்ற சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த ஒரு முள்ளை எங்கே விட்டோம் என்று டயரை மறுபடியும் மறுபடியும் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நானும் அக்காவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்தைப் பக்கம் இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாய் ஓயாதவர்.

"வாங்க கண்டக்டர், பஸ்ஸைத் தொலைச்சிட்டு சைக்கிளுக்கு வந்துட்டீங்களா?" என்றார் என்னைப் பார்த்து.

"அண்ணே, விளையாட இப்ப நேரமில்லை" என்றாள் அக்கா. "பங்க்சரே ஆகாத டயரா போடுங்க. ரப்பர் கட்டியா இருக்குமாமே, காத்தே வேண்டாமாமே, அது இருக்கா?"

"இருக்கு. அதைப் போட்டு அந்தக் கரையில ஓட்டினா பால் தயிராயிடும், உன் முதுகும் கழண்டுடும். நீ ட்யூப்லெஸ் போடு."

"ட்யூபே இல்லாமலா? காத்து எங்கே நிக்கும்?"

"டயருக்குள்ளேயே நிக்கும். இவர் பஸ்ஸை விடு, இப்ப ஓடுற கார்ல எல்லாம் அதுதானே? சைக்கிளுக்கும் வந்தாச்சு. ஆனா ஒண்ணு, எல்லாரும் இதுக்கு மாறிட்டா நான் எதை ஒட்டிப் பிழைக்கிறது? அதனால வெளியில சொல்லாதே."

பேசிக்கொண்டே வேலையில் இறங்கிவிட்டார். பழைய டயரைக் கழற்றி, ட்யூபை உருவி, செத்த பாம்பைத் தூக்கிப் போடுகிற மாதிரி மூலையில் போட்டார். அக்கா சைக்கிளின் ரிம் ஒத்துவராது என்று வேறு சக்கரமே மாட்டினார். ரிம்மின் உள்பக்கம் கம்பி ஓட்டைகளை மறைத்து அகலமான டேப் ஒன்றை இழுத்து இழுத்துச் சுற்றினார். வால்வை நேராக ரிம்மிலேயே இறுக்கினார். புது டயரை மாட்டி, கடைசியாக ஒரு பாட்டிலைக் குலுக்கி, வெள்ளை வெளேரென்று எதையோ உள்ளே ஊற்றினார்.

"இது என்ன, பாலா?" என்றேன்.

"டயருக்குப் பால்னு வச்சுக்கோங்க. முள் குத்துச்சுன்னா இது ஓடிப்போய் அந்த ஓட்டையில உறைஞ்சு அடைச்சிடும். ஓட்டுறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

மெஷின் வைத்துக் காற்றை அடித்தார். டயர் உப்பிக்கொண்டே போய், ரிம்மில் உட்கார்ந்தபோது டப்பென்று வெடித்த மாதிரி ஒரு சத்தம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லை, டயர் இடத்துல உட்கார்ந்துடுச்சு" என்றார் கடைக்காரர். "இப்ப நான் சொல்றதைக் காது கொடுத்துக் கேளு. முள் குத்தினா குத்தட்டும். எடுக்காதே. அதுபாட்டுக்கு இருக்கும். முள்ளே அதுக்கு மூடி மாதிரி. சின்ன முள்ளை எடுத்தாக்கூட மருந்து அடைச்சிடும். பெருசா ஏதாவது ஏறியிருந்தா, கையே வைக்காதே. நேரா இங்கே கொண்டு வா."

"சரிண்ணே."

"சரின்னு சொல்லிட்டுப் போய்ப் புடுங்காதே."

அவள் பிடுங்கவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அன்று சாயங்காலம் தையல்காரர் வழக்கம் போல இடுக்கியும் ஊசியுமாக வந்து நின்றார். அக்கா பதறிப்போய், "வேண்டாம் மாப்ளே, இனிமே உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். இது ட்யூப் இல்லாத டயர்" என்றாள்.

"எனக்கென்ன அண்ணி சிரமம்?"

"இல்லை மாப்ளே, நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க. நான் பார்த்துக்கறேன்."

தங்கை புருஷனிடம் 'தொடாதீங்க' என்று முகத்தில் அடித்த மாதிரி எப்படிச் சொல்வது? மரியாதையாகச் சொன்னாள். அவரும் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். நமக்குக் கஷ்டம் கொடுக்க வேண்டாம் என்று அண்ணி பெருந்தன்மையாகச் சொல்கிறாள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார். நானும் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லலாம் என்று எனக்கும் தோன்றவில்லை.

புது டயர் சொன்னபடி கேட்டது. நாள் தவறாமல் அக்கா போனாள், வந்தாள். ஆஸ்பத்திரியில் மறுபடி பால் தொடங்கினார்கள். முதலில் சொட்டுச் சொட்டாக. வயிறு தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் கூட. அக்கா திரும்பி வந்ததும் தங்கை, "யார் மாதிரிக்கா இருக்கா?" என்பாள்.

"சின்னதா இருக்கா."

"தினமும் அதையேதான் சொல்றே. மூக்கு யார் மாதிரி?"

"மூக்கு மேல குழாய் ஒட்டியிருக்காங்கடி. எடுத்தப்புறம் பார்த்துச் சொல்றேன்."

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சு முடிந்ததும் மெஷின் ஓடும். வேலை பறிபோன மனுஷர் சாயங்காலமானால் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயர் முழுக்க முள். உடைந்த முனைகள் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தன. "கண்டக்டரே, இவ்வளவு முள்ளையும் வச்சுக்கிட்டு ஒரு டயர் எப்படிங்க ஓடும்?" என்று என்னிடம் கேட்டார். "ஓடுதே" என்றேன். "ஓடுதுதான். என்னிக்காவது ஒரு நாள் எல்லாம் சேர்ந்து காலை வாரிடும்" என்றார். அவருக்குத் தூக்கமே இல்லை என்று அவர் மனைவி சொன்னாள்.

அந்த நாள் காலை நடையிலேயே அக்கா செய்தி கொண்டு வந்தாள். மத்தியான வேளைக்கு முழு அளவு பால் கொடுக்கப் போகிறார்கள். அதை வயிறு ஏற்றுக்கொண்டால் நரம்பில் இருக்கிற ஊசியை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஊசி குத்தக் குத்த நரம்பே கிடைக்காமல் கையும் காலும் நீலம் பாரித்துக் கிடக்கிறதாம். பால் நேரத்துக்கு வந்துவிட வேண்டும், தப்பினால் மறுபடி பழைய கதைதான் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

வீடே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தங்கை விடாமல் பம்ப்பைப் பிடித்திருந்தாள். நான் ஐஸ் கெட்டியாகிவிட்டதா என்று பார்க்க ஃப்ரிட்ஜைத் திறக்கவா வேண்டாமா என்று அல்லாடிக்கொண்டிருந்தேன். அக்கா, "சித்த நேரம் முதுகைச் சாய்க்கிறேன், எழுப்பி விடுங்க" என்று பாயில் விழுந்து அப்படியே தூங்கிவிட்டாள். தையல்காரர் ஒருவர்தான் செய்ய ஒன்றும் இல்லாமல் இருந்தார்.

இடுக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருக்கிறார்.

சின்ன முள்ளை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார். எடுத்த இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு எட்டிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டது. அதைப் பார்த்து அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. கைப்பழக்கம் வேறு, விரல் தானாக வேகம் பிடித்துவிட்டது. கடைசியில், டயரின் கட்டைகளுக்கு நடுவில் மண்ணோடு மண்ணாக ஒரு தலை தெரிந்தது. முள் இல்லை, ஆணி. பாலத்துப் பலகையில் அடித்த ஆணியாக இருக்கும். 'நல்ல வேளை, இன்னிக்குப் பார்த்தோம்' என்று நினைத்தாராம். பின்னால் என்னிடம் இதைச் சொன்னபோது தன் தலையில் அடித்துக்கொண்டார்.

சீறல் சத்தம் மாடிவரை கேட்டது. பாம்புதான் புகுந்துவிட்டது என்று நினைத்து நான் இறங்கி ஓடி வந்தால், சக்கரத்திலிருந்து வெள்ளையாகப் பீய்ச்சி அடிக்கிறது. சுவர், படி, அவர் பனியன், மூக்குக் கண்ணாடி எல்லாம் வெள்ளை. மனுஷர் இரண்டு கட்டைவிரலையும் டயர்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, "அண்ணி! அண்ணி! நிக்க மாட்டேங்குது, நிக்க மாட்டேங்குது" என்று அலறினார். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நின்றது. டயர் சப்பையாகிப் போனது.

அக்கா எழுந்து வந்தாள். பார்த்தாள். "பரவாயில்லை மாப்ளே" என்றாள். அந்த நேரத்திலும் மாப்ளே.

படுக்கையிலிருந்து அவர் மனைவி எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக வந்துவிட்டாள். "என்ன பண்ணீங்க? தொட வேண்டாம்னு அக்கா சொன்னாளா இல்லையா?"

"சிரமம் வேண்டாம்னுதானே சொன்னாங்க..."

"ஒரு நாள் அவளைப் போய்ப் பார்த்தீங்களா? டயரைத் தடவத் தெரியுது, பெத்த பிள்ளையைப் பார்க்கக் கால் வரலை. இன்னிக்கும் அவ பட்டினியா கிடக்கணுமா?" அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"ஏய், உள்ளே போடி, தையல் பிரிஞ்சிடப் போகுது" என்று அக்கா அவளைத் தாங்கிக்கொண்டாள். நான் சைக்கிள் கடைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"புடுங்கியாச்சா!" என்றார் கடைக்காரர். "நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! சரி, டயர் ரிம்மை விட்டு விலகியிருக்கா பாருங்க."

"இல்லை, ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப பிழைச்சீங்க. புடுங்கின ஆணி எங்கே?"

"ஆணி எதுக்கு?"

"அதையே திருப்பிக் குத்துங்கய்யா! அதே ஓட்டையில. ஓட்டையைத் தரைப் பக்கம் திருப்பி வச்சு, மிச்சம் மருந்து அதுல தேங்குற மாதிரி சித்த நேரம் நிறுத்துங்க. அப்புறம் காத்தடிங்க. மெதுவா."

ஆணி தகர மூடியில் முள்ளுக்கு நடுவில் கிடந்தது. காற்றடித்துப் பாதுகாத்து வைத்திருந்த டயரில் நானே ஆணியைக் குத்துவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அக்கா சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, நான் செருப்பால் தட்டி ஆணியை ஏற்றினேன். ஓட்டையைக் கீழே திருப்பி வைத்துவிட்டுச் சைக்கிள் பம்ப்பை எடுத்தேன்.

"ஐஸ் பெட்டியை எடுத்து வைங்க மாப்ளே, பாலை எடுத்துட்டு வந்து..." என்று அக்கா திரும்பினாள்.

அவர் இல்லை. பெட்டியும் இல்லை. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் கதவு சரியாகச் சாத்தியிருந்தது. உள்ளே பாட்டிலும் இல்லை, ஐஸும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆற்றங்கரைப் பாதையில், வெள்ளை தெறித்த பனியனோடு, செருப்புக்கூட இல்லாமல், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தையல்காரர் ஓடிக்கொண்டிருந்தார். பெட்டி குலுங்கக் கூடாது என்று உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கால் மட்டும் ஓடுகிற ஒரு விநோத ஓட்டம்.

"வெறுங்காலோடவா? அவ்வளவும் முள்ளாச்சே!" என்றாள் அவர் மனைவி. அப்போதுதான் அவள் அழுதாள்.

நான் காற்றடித்து முடித்ததும் அக்கா கிளம்பினாள். இதற்கு மேல் நடந்தது அவள் சொல்லிக் கேட்டது. பாலத்துக்கு முன்னால் அவரைப் பிடித்துவிடலாம் என்று அழுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு சுற்றிலும் ஆணித்தலை தரையில் பட்டு டக் டக்கென்று சத்தம். சத்தம் வருகிறவரை ஆணி இருக்கிறது என்று அர்த்தம், அதைக் கேட்டுக்கொண்டே போனேன் என்றாள். அதற்குள் அவர் பலகை ஏறிவிட்டார். பலகையில் எதிரும் புதிருமாக ஆள் கூட்டம். இவள் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, "வழி விடுங்க, அவரை விடுங்க" என்று கத்தியிருக்கிறாள். அக்கரை போய்ச் சேர்ந்ததும், "மாப்ளே, ஏறுங்க!" என்றாள்.

"ரெண்டு பேர் கனத்தைத் தாங்குமா அண்ணி?"

"தாங்கலைன்னா இறங்கி ஓடுங்க. இப்ப ஏறுங்க!"

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தார். மடியில் பெட்டி, ஒரு கை சீட்டுக் கம்பியில். கண்ணை மூடிக்கொண்டு, காது மட்டும் டயரில். "சத்தம் வருதா அண்ணி? வருதா?" என்று ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். டயர் கொஞ்சம் அமுங்கியிருந்தது, ஆனால் நின்றது.

வார்டு வாசலில் நர்ஸ் காத்திருந்தாள். பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜில்லுன்னு இருக்கு" என்று சொன்ன பிறகுதான் அக்காவுக்கு மூச்சே வந்தது.

"ஒருத்தர் கைகழுவிட்டு உள்ளே வாங்க, பிடிச்சுக்கணும்" என்றாள் நர்ஸ். அவரைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

மூச்சிரைப்பில் அவருக்கு வாய்க்கு வந்தது அதுதான். "டெய்லர்" என்றார்.

"டெய்லருக்கு இங்கே என்னங்க வேலை?"

"அவர்தாங்க அப்பா" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "அவரையே கூட்டிட்டுப் போங்க. எனக்குக் கால் வலிக்குது, நான் இங்கேயே இருக்கேன்."

வட்டக் கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காலைக் கழுவி, கையை முழங்கைவரை தேய்த்து, யாரோ கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். நர்ஸ் குழாயில் சிரிஞ்சை மாட்டி, பாலை அதில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "அழுத்தாதீங்க, அது தானா இறங்கும். கையை மட்டும் இந்த உசரத்துலேயே வச்சுக்கங்க. ஆட்டக் கூடாது."

ஆடவில்லை. ஊசியில் நூல் கோக்கிற கை. சிரிஞ்சில் வெள்ளைக் கோடு மெல்ல மெல்ல இறங்கியது. அது இறங்க இறங்க அவர் பார்வையும் கூடவே இறங்கி, குழாய் வழியாகப் போய், கடைசியில் குழந்தைமேல் போய் நின்றது. அப்புறம் எடுக்கவே இல்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கையில்லை. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், இவர் பக்கத்தில் நொண்டிக்கொண்டு வந்தார். நானும் அவர் மனைவியும் வாசலிலேயே இருந்தோம். அக்கா எட்ட வரும்போதே, "முழுசா குடிச்சிட்டாடி" என்று சத்தம் போட்டாள். "வயிறு மெத்துன்னு இருக்காம். காலையில வரைக்கும் உப்பாம இருந்தா ஊசியை எடுத்துடுவாங்களாம்."

"உப்பாதுல்ல?"

"தெரியலை. பார்ப்போம்."

தையல்காரர் படியில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் போட்டார். உள்ளங்கால் முழுக்க முள். அவர் மனைவி இடுக்கியை எடுத்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். "குனியாதே, தையல்..." என்றார். "பேசாம இருங்க" என்று அவர் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தகர மூடியில் போட்டாள். எடுத்துக்கொண்டே, நிமிராமல், "யார் மாதிரிங்க இருக்கா?" என்று கேட்டாள்.

கால் விடுபட்டதும் நொண்டி நொண்டி மெஷின்கிட்டே போனார். உயிர்விட்ட அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து, லைனிங் துணிக்கு அடியில் தேடி, மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு துண்டு எடுத்தார். கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"அளவு எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

"டேப் எங்கே கொண்டு போனீங்க?"

வலது கையை விரித்துக் காட்டினார். "தோள் இங்கேருந்து இதுவரைக்கும்" என்று இடது கை விரலால் சுண்டுவிரல் ஓரத்திலிருந்து ஆள்காட்டி விரல் ஓரம்வரை ஒரு கோடு இழுத்தார். "நீளம் இவ்வளவு." மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை. அவள் அந்தக் கையைப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, டயரில் ஆணி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

நான் மாடிக்குப் போய்விட்டேன். கீழே கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பிறகு மெஷின் ஓடியது. ஓடத் தொடங்கியதுமே நின்றுவிட்டது. படியில் பாதி இறங்கிவிட்டேன். அதற்குள் மறுபடி ஓடியது, மறுபடி உடனே நின்றது. அப்புறம்தான் விளங்கியது. ஒன்றும் ஆகவில்லை. தைக்க வேண்டிய தூரம் அவ்வளவுதான் இருந்தது.